பத்து நாளா, பழகும் வரையா?

கொழும்புக்கு வெளியே ஒரு தியான நிலையம். மதியச் சாப்பாட்டு மணி பதினொன்றுக்கு முன்பே அடித்துவிட்டது. தட்டோடு வரிசையில் நின்றேன். வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மா சோறு போட்டார். அருகில் அவர் பேத்தி பருப்பு ஊற்றினாள். கணவர் இறந்து ஓராண்டு ஆனதற்காக அவர் கொடுத்த தானம் அது. பரிமாறி முடித்ததும் எங்களைப் பார்த்துக் கைகூப்பினார். அன்று நான் ஒரு பருக்கை கூட மீதி வைக்கவில்லை.

சென்னை திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது தியான மையத்தில் அதற்கு முன் பத்து நாள் இருந்திருக்கிறேன். அங்கும் சாப்பாட்டுக்குக் காசு கிடையாது. ஆனால் நம் சாப்பாட்டுக்குக் கொடுத்தவர் யாரென்று நமக்குத் தெரியாது. முன்னர் பயிற்சி முடித்த யாரோ ஒருவர் அடுத்து வருபவருக்காகக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். பயிற்சியை முடிக்காதவரிடம் நன்கொடை வாங்கவே மாட்டார்கள். அங்கே கொடுத்தவர் முகம் தெரியாது. இலங்கையில் அவரே அகப்பையோடு எதிரே நிற்கிறார்.

இந்த இரண்டு இடங்களிலும் கற்பிக்கும் தியான முறைகளுக்குத் தாய்வீடு பர்மாதான். ரங்கூனில் அரசுக் கணக்குத் துறைத் தலைவராக இருந்த ஊ பா கின்னிடம் கற்றவர் மாண்டலேயில் பிறந்த கோயங்கா. அவர் 1969-இல் இந்தியா வந்து பத்து நாள் பயிற்சியைத் தொடங்கினார். இகத்புரி தொடங்கி நாடெங்கும் மையங்கள் எழுந்தன; தம்ம சேது அவற்றில் ஒன்று. இலங்கைக்கோ 1950-களில், புத்த ஜயந்தியை ஒட்டி, பர்மியப் பிக்கு மகாசி சயாடோவின் முறை வந்து சேர்ந்தது. கந்துபொட நிலையம் அதில் பேர் பெற்றது. கோயங்காவின் பயிற்சி இன்று கண்டிப் பக்கத்திலும் நடக்கிறது என்றாலும், நான் போனது மகாசி முறைக்காகத்தான்.

திருமுடிவாக்கத்தில் எல்லாம் நேரப்படி நடக்கும். விடியற்காலை நான்குக்கு மணி. மூன்று நாள் மூச்சைக் கவனிப்பது. நான்காம் நாள் விபஸ்ஸனா, அதாவது உடலில் எழும் உணர்வுகளைக் கவனிப்பது. பத்தாம் நாள் மௌனம் கலையும். கற்பிப்பது ஒலிப்பதிவில் வரும் கோயங்காவின் குரல். 2013-இல் அவர் மறைந்த பிறகும் அதில் ஒரு சொல் மாறவில்லை. இரவுச் சொற்பொழிவைத் தமிழிலேயே கேட்கலாம். இரண்டு வாரம் மட்டுமே விடுப்புக் கிடைக்கும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை.

இலங்கையில் நான் தங்கிய இடத்தில் இத்தனை நாள் என்ற கணக்கே இல்லை. உட்காருவது ஒரு மணி, நடப்பது ஒரு மணி. நடக்கும்போது காலைத் தூக்குவது, நகர்த்துவது, வைப்பது ஒவ்வொன்றையும் மனத்துக்குள் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். உட்காரும்போது வயிறு உயர்வதும் தாழ்வதும். மாலையில் 'கிலன்பச' என்று பால் சேர்க்காத தேநீரும் ஒரு துண்டுக் கித்துள் கருப்பட்டியும் தருவார்கள். பிறகு பிக்குவின் முன் தனியாக உட்கார்ந்து அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். முழங்கால் வலிக்கிறது என்றேன். "வலி வந்ததும் மனம் என்ன செய்தது?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு கேள்வி, பத்து நாள் ஒலிப்பதிவு தராத ஒன்றை எனக்குத் தந்தது. கற்பது என்றால் இப்படி ஒருவர் நம்மைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் அங்கேதான் எனக்கு ஒரு வருத்தமும் நேர்ந்தது. பேச்சு முழுக்க ஆங்கிலத்தில். மனத்துக்குள் நான் குறித்ததெல்லாம் தமிழில்: மரத்துப்போகிறது, குறுகுறுக்கிறது, கடுக்கிறது. எதிரே போய் உட்கார்ந்ததும் மூன்றும் 'வலி' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லாகிவிட்டன. உணர்ச்சியை அதன் பெயரால் அறிவதே முறை என்னும்போது, பெயரைத் தொலைத்துவிட்டுப் பாடம் கேட்டால் பாதிதான் கிடைக்கும்.

கடல் கடந்து இலங்கைக்குத் தம்மம் படிக்கப் போவது தமிழர்களான நமக்குப் புதிதல்ல. ஐந்தாம் நூற்றாண்டில் உறையூர்ப் புத்ததத்தர் அனுராதபுரம் மகாவிகாரைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தார். அவருக்கும் ஆசிரியர்களுக்கும் பாலி பொதுமொழியாக இருந்தது. 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தில் தமிழிலேயே தம்மம் பேசினார். தமிழ் இன்று இலங்கையின் ஆட்சிமொழிகளில் ஒன்று. தமிழ் தெரிந்த ஓர் ஆசிரியரையோ, மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவரையோ அங்குள்ள நிலையங்கள் அமர்த்த வேண்டும். இக்கரையிலிருந்து போகிற எங்களுக்கு மட்டுமல்ல, யாழ்ப்பாணத்திலிருந்தும் அட்டனிலிருந்தும் வருகிறவர்களுக்கும் அது உதவும்.

போக நினைப்பவர்கள், எந்த மொழியில் பேச வேண்டியிருக்கும் என்று முதலிலேயே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் விமானச் சீட்டை நான்கு நாள் தள்ளிப் போடுங்கள். பிக்கு அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது நான் கிளம்புவதற்கு முந்தைய நாள்.