ரிவெட்டின் பிடி

கடலோர ஊரான லூமுட்டின் உப்புக் காற்றில் போல்ட், நட்டெல்லாம் துருவேறி இறுகிவிடும். ஆனால் பட்டறையை ஒழிக்கும்போது, பழைய லோரிச் சேசியில் என்னைச் சொக்க வைப்பது ரிவெட்தான். மேடுபள்ளத்தில் சேசிச் சட்டம் முறுகி வளைந்துகொடுக்கும். போல்ட் தளரலாம், துளையை நிறைத்து உட்கார்ந்த ரிவெட் லேசில் அசையாது. அதைக் கழற்ற வழியில்லை, அழிக்கத்தான் வேண்டும். கிரைண்டரால் தலையைச் சீவி, நடுவே துளைபோட்டு, பஞ்ச் கருவியை வைத்து ஓங்கி அடித்தால் தண்டு தெறித்து விழும். இறுக்கமாக அடித்த ரிவெட் என்றால் துளையின் உட்புறம் இன்னும் பளபளக்கும். என்ன கைவேலை!

அதே லோரியின் ஸ்பிரிங் பட்டைகளைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். (கிளாம்பு போட்டு இறுக்கிய பிறகே நடு போல்ட்டைத் தளர்த்துங்கள், பட்டை எகிறும்.) இங்கே நல்ல பாராங் கத்திகள் பல அந்த எஃகில் அடித்தவைதான், தோட்டத்தில் புதர் வெட்டியவர்களுக்கு அவற்றின் கூர் தெரியும்.