கேட்கும் காதுக்கே கட்டணம்

காலடிப்பேட்டை என்ற பெயரே காது வழியாக வந்ததுதான். 1717 முதல் 1720 வரை சென்னைப் பட்டணத்தில் கும்பினி கவர்னராக இருந்த ஜோசப் காலட், நெசவாளர் குடும்பங்களைத் திருவொற்றியூரை ஒட்டிக் குடியேற்றினார். ஏட்டில் காலட் பேட்டை என்று இருந்தது, ஊரார் வாயில் புரண்டு புரண்டு காலடிப்பேட்டை ஆனது. காதில் விழுந்ததை நாக்கு தன் வசதிக்குத் திருத்திக்கொண்டது. சொல்பவர்களுக்கோ, கேட்டதை அப்படியே சொல்வதாகத்தான் நினைப்பு. ஊர்ப் பெயருக்கு அது அழகாகவே அமைந்துவிட்டது. கிடார் பிடிக்கும் கைக்கும் இதேதான் நேர்கிறது, ஆனால் அங்கே அழகாக அமைவதில்லை.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தெருக்களில், கல்லூரி முடிந்தோ ஷிஃப்ட் முடிந்தோ வீடு திரும்பும் இளைஞர்கள் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலில் செல்போனைச் சாய்த்துப் பாடம் பார்க்கும் காலம் இது. தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசப் பாடங்கள் எண்ணி முடியாத அளவுக்குக் கிடக்கின்றன. பக்கத்திலேயே சந்தா கேட்கும் செயலிகளும் நிற்கின்றன. ‘சும்மா கிடைக்கிறதுக்கு எதுக்குப்பா காசு?’ என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. பாடம் நடத்துவது ஒரு கைத்தொழில். நல்ல நெசவையும் மட்டமான நெசவையும் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்வது போல, பாடத்தையும் தொட்டுப் பார்த்துத்தான் தரம் சொல்ல வேண்டும்.

இலவசப் பாடத்திலேயே உயர்ந்த நெசவு எப்படி இருக்கும் என்பதற்கு ஜஸ்டின் சாண்டர்கோ ஒருவர் போதும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்து லண்டனில் தொழில் செய்தவர். 2003-இல் தன் பாடங்களை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார். நன்கொடையும் புத்தக விற்பனையும் பின்னால் வந்த செயலியும்தான் அவர் வருமானம். தொடக்கப் பாடங்களில் அவர் செய்யும் ஒரு சின்ன வேலையைப் பாருங்கள். ஏ கார்டைப் பல புத்தகங்கள் காட்டும் விரல் வரிசையில் அவர் காட்டுவதில்லை. ஆள்காட்டி விரலை மூன்றாம் கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டில் வைக்கச் சொல்கிறார். அடுத்து டி கார்ட். அங்கேயும் ஆள்காட்டி விரலுக்கு அதே கம்பி, அதே ஃப்ரெட். மற்ற இரண்டு விரல்கள் மட்டும் நகர்கின்றன. ஈ கார்டுக்குப் போகும்போது, அதே விரல் கம்பியை விட்டு எழாமல் முதல் ஃப்ரெட்டுக்குச் சறுக்கிவிடுகிறது. புதிதாகப் பிடிப்பவனுக்கு ஆறு கம்பியும் ஒரே காடாகத் தெரியும் நேரத்தில், அந்த விரல் நங்கூரம் மாதிரி இருந்து கையை நிலைப்படுத்துகிறது.

அடுத்து, ஒரு நிமிடப் பயிற்சி. கடிகாரத்தை வைத்துக்கொண்டு இரண்டு கார்டுகளுக்கு இடையே 60 நொடியில் எத்தனை முறை மாற முடிகிறது என்று எண்ண வேண்டும். முதல் வாரம் பன்னிரண்டு பதினைந்தில் தடுமாறும். அறுபதைத் தொட்டால் பாட்டுக்குத் தயார். ‘நன்றாக வருகிறதா’ என்ற மங்கலான கேள்வியை எண்ணாக மாற்றி, மாணவன் கையிலேயே கொடுத்துவிட்ட பாடம் அது. இதற்குக் கட்டணம் கேட்டிருந்தாலும் தகும். அவர் கேட்கவில்லை.

ஆகவே இலவசம் என்றால் மட்டம் என்ற எண்ணத்தை முதலில் இறக்கி வைத்துவிடலாம்.

இலவசத்தின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஜஸ்டினின் இரண்டாம் பாடம் முடியுமுன் திரையின் ஓரத்தில் இன்னொருவர் ‘மூன்றே நாளில் முப்பது பாட்டு’ என்று கூப்பிடுகிறார். விரல் அங்கே ஓடுகிறது. மறுநாள் மூன்றாமவர். ஒவ்வொருவரிடமும் முதல் பாடத்தை மட்டும் கற்றுக்கொண்டு, ஆறு மாதம் கழித்தும் முதல் பாடத்திலேயே நிற்பவர்கள் நிறையப் பேர். சந்தா செயலிகள் விற்பது இதற்கான மருந்தைத்தான். கிடார் செய்யும் ஃபெண்டர் நிறுவனமே 2017-இல் ‘ஃபெண்டர் பிளே’ என்று பாடம் விற்க வந்தது. அதற்குக் காரணம் இருந்தது. முதல்முறை கிடார் வாங்குகிறவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் வாசிப்பதை விட்டுவிடுகிறார்கள் என்று அதன் அப்போதைய தலைவர் ஆண்டி மூனி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2020 ஊரடங்கில் அதே பாடங்களை மூன்று மாதத்துக்கு இலவசமாகவும் கொடுத்தார்கள். அடுத்து என்ன என்று தேட விடாமல், ஒரு பாடத்தின் வாலில் அடுத்ததைக் கட்டிவைத்திருப்பதுதான் அதன் பலம். பின்லாந்தில் பிறந்த யூசிஷியன் என்ற செயலி இன்னும் ஒரு படி ஏறி, போனின் மைக் வழியே வாசிப்பைக் கேட்கிறது. தவறான சுரம் விழுந்தால் திரையில் காட்டிவிடுகிறது. தாளம் பிந்தினாலும் சொல்லிவிடுகிறது.

அது கேட்பது அவ்வளவுதான். கழுத்துக்குப் பின்னால் கட்டைவிரல் எங்கே இருக்கிறது, தோள் ஏன் காதுவரை தூக்கியிருக்கிறது, மணிக்கட்டு ஏன் உடைந்தது போல மடங்கியிருக்கிறது என்று மைக்குக்குத் தெரியாது. எஃப் கார்டில் இது பளிச்சென்று வெளிப்படும். ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கவைக்க வேண்டிய கார்ட் அது. பாதிப் பேர் கிடாரை மூலையில் சாய்த்து வைப்பது இங்கேதான். பதிவு செய்த பாடம், இலவசமோ கட்டணமோ, விரலை இப்படி வை, இன்னும் பழகு என்று பொதுவாகத்தான் சொல்ல முடியும். நேரில் பார்க்கும் மாஸ்டர் கிடாரைக் கையில் வாங்கி முதல் ஃப்ரெட்டை ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். ‘உன் விரலில் கோளாறு இல்லப்பா. நட் உயரமா இருக்கு, இறக்கணும்’ என்பார். தலைப்பக்கம் கம்பிகள் அமரும் அந்த வெள்ளைத் துண்டை அரத்தால் கொஞ்சம் தேய்த்துவிட்டால், இரண்டு மாதமாக வராத கார்ட் அன்றைக்கே வந்துவிடும். விலை குறைந்த கிடார்களில் இது அடிக்கடி காணும் குறை. தன் கை மட்டம் என்று நம்பி வாத்தியத்தைக் கைவிட்டவர்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

கடலோர ஊருக்கு இன்னொரு பாடமும் உண்டு. லண்டன் வீடியோவில் அது வராது. இங்கே காற்றில் உப்பு இருக்கிறது. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பிகளைத் துடைத்து உறைக்குள் வைக்காவிட்டால், எஃகுக் கம்பி சீக்கிரமே துருப்பிடித்துச் சொரசொரக்கும், ஓசை மங்கும், சுருதி சரியாக நிற்காது. காது கெட்டுப்போனதாக மாணவன் நினைத்துக்கொள்வான். நைலான் கம்பிக்குத் துரு பயம் குறைவு, விரலுக்கும் இதம். ஆனால் நைலான் கம்பிபோட்ட கிளாசிக்கல் கிடாரின் கழுத்து நட் பக்கம் 52 மில்லிமீட்டர் அகலம். எஃகுக் கம்பிக் கிடாரில் அது சுமார் 43. சின்னக் கைக்கு இந்த ஒன்பது மில்லிமீட்டர் பெரிய தூரம். வாங்குமுன் இரண்டையும் பிடித்துப் பார்த்துவிட வேண்டும்.

இந்த வட்டாரத்துக்குத் தந்தி வாத்தியம் புதிதில்லை. தியாகராஜரின் சீடரான வீணை குப்பையர் திருவொற்றியூரில் வாழ்ந்தவர். அவருடைய பேகடை வர்ணம் இன்றும் கர்னாடக சங்கீத மாணவர்களின் பாடத்தில் இருக்கிறது. அவர் மகன் திருவொற்றியூர் தியாகய்யர் 1900-இல் ‘பல்லவி ஸ்வர கல்பவல்லி’ என்ற நூலைச் சுரக்குறிப்போடு அச்சிட்டார். அந்தக் காலத்துக்கு அதுவே பதிவு செய்த பாடம். யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம். ஆனால் சுரம் தாளில் கிடைத்தது, கமகம் கிடைக்கவில்லை. எந்த மெட்டில் தந்தியை எவ்வளவு இழுப்பது என்பது குரு எதிரே உட்கார்ந்து வாசித்தால்தான் கைக்கு வந்தது. குருகுலத்தில் மாதச் சம்பளம் கிடையாது என்பதால் அதை இலவசம் என்று சொல்லிவிடவும் முடியாது. தண்ணீர் எடுப்பதும் ஏவல் செய்வதுமாக, மாணவன் தன் வருடங்களையே கொடுத்தான். அதற்கு ஈடாகக் குரு கொடுத்தது, அவன் வாசிப்பைத் தினமும் கேட்ட காதை.

கிடாரில் இந்தக் கமகச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்தவர் கிடார் பிரசன்னா. வீணையின் தந்தி பக்கவாட்டில் தாராளமாக இழுபடும். கிடாரில் அந்த இடம் குறைவு. ஆகவே கம்பியின் நீளத்தில் விரலைச் சறுக்கி ராகத்தை வரவழைக்கும் வழியை அவர் வளர்த்தெடுத்தார். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர். அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரியிலும் படித்தார். கர்னாடக சங்கீதத்தைத் திருவாரூர் பாலசுப்பிரமணியத்திடமும் வயலின் மேதை ஏ. கன்யாகுமரியிடமும் கற்றார். கன்யாகுமரி வாசிப்பது வயலின். மாணவன் கையில் இருந்ததோ கிடார். தன் வாத்தியமே வாசிக்காதவரிடம் போய் உட்கார்ந்ததில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. விரல் வைக்கும் இடத்தை எங்கிருந்தும் பொறுக்கிக்கொள்ளலாம். ராகம் பிசகினால் ‘அது இல்லை’ என்று சொல்லும் காதுக்குத்தான் ஆள் தேவைப்பட்டது.

இளையராஜா வாழ்க்கையிலும் கற்றல் இரண்டு பங்காகப் பிரிந்து நிற்கிறது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் அவர் தங்கப் பதக்கம் பெற்றது லண்டனில் குடியிருந்து படித்து அல்ல. சென்னையில் இருந்தபடியே, தொலைவழியில். அந்த அளவில் அவர் இன்றைய இணைய மாணவனுக்கு மூத்த அண்ணன். ஆனால் அதே ஆண்டுகளில் மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் முன்னால் உட்கார்ந்து மேற்கத்திய இசையை எழுதவும் படிக்கவும் கற்றுக்கொண்டிருந்தார். பாடத்திட்டம் கடல் கடந்து வந்தது, திருத்தும் கை பக்கத்துப் பேட்டையில் இருந்தது.

அவர் இசையில் 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’, தமிழ்நாட்டில் கிடார் வாங்கிய ஏறக்குறைய எல்லோருக்கும் ஆசைப் பாட்டு. வாசித்தவர் சந்திரசேகர். இதைச் சொல்லித்தரும் இலவச வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. எந்த ஃப்ரெட், எந்தக் கம்பி என்பதெல்லாம் சரியாகவே காட்டுகிறார்கள். வாசித்துப் பார்த்தால் சுரம் எல்லாம் இருக்கும், நிலா மட்டும் இருக்காது. காரணம் வலது கையில் இருக்கிறது. கட்டைவிரல் அடிக்கம்பிகளில் நடக்கும்போது மற்ற மூன்று விரல்கள் மேல்கம்பிகளில் தனித்தனியே பேச வேண்டும். ஒவ்வொரு விரலுக்கும் வேறு வேறு கனம். கட்டைவிரல் சற்று ஓங்கினாலும் மெட்டு அமுங்கிப்போகும். அது ஓங்குகிறது என்பது வாசிப்பவனுக்குக் கேட்காது. கார்டைப் பிடிக்கவே மனம் முழுவதும் போய்விட்டிருக்கும். எதிரே இருப்பவருக்கு மட்டும் உடனே கேட்கும்.

வடசென்னைக்காரருக்கு இன்னொரு பசியும் உண்டு. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு முதன்முதலாக மேடை ஏறியபோது, கானாவும் பறையும் கிடாரும் ஒன்றாக ஒலித்தன. அந்தக் கானா நடையைக் கிடாரில் அடிக்க எந்த வெளிநாட்டுச் செயலியிலும் அத்தியாயம் இல்லை. டோலக்கோ சட்டியோ அடிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கை விழும் இடத்தில் தன் கையும் விழப் பழக வேண்டும்.

நேரலை வீடியோ வகுப்பு இதற்கெல்லாம் ஈடாகுமா? பாதி ஆகும். மாஸ்டர் கையைப் பார்க்கலாம், கேட்கலாம், நிறுத்தித் திருத்தலாம். ஆனால் ஒலி போய்ச் சேர எடுக்கும் நொடித்துகளால், இருவரும் சேர்ந்து ஒரே தாளத்தில் வாசிக்க முடியாது. கிடாரின் நீண்ட நாதத்தை இரைச்சல் என்று நினைத்து ஜூம் நறுக்கிவிடும். அமைப்புகளில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ போட்டுக்கொண்டால் ஓரளவு பிழைக்கும். இந்தக் குறைகளோடும், மாதம் இரண்டு நேரலை வகுப்பு ஓராண்டுச் செயலிச் சந்தாவைவிட அதிகம் கொடுக்கும்.

ஆக, பதிவு செய்த பாடத்துக்காக ஆரம்பக்காரர் பணம் கட்ட அவசியமில்லை. ஒழுங்கான இலவசப் பாடத்திட்டம் ஒன்றைத் தேர்ந்து, மூன்று மாதம் வேறு எங்கும் தாவாமல் இருந்தால் போதும். தனக்குத் தானே அந்தக் கட்டுப்பாடு வராது என்று தெரிந்தவர்கள் மட்டும் செயலிக்குச் சந்தா கட்டலாம். பணத்தை முதலில் கிடாருக்குச் செலவிடுங்கள்: நட்டைச் சரிபார்க்க, புதுக் கம்பி மாட்ட. 2021 பிப்ரவரி 14-இல் திறந்த காலடிப்பேட்டை மெட்ரோவில் ஏறினால், வண்டி மாறாமல் அண்ணா சாலைக்குப் போய்விடலாம். 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிகல் வாத்தியக் கடை அங்கேதான் இருக்கிறது. டிரினிட்டி தேர்வு எழுத நினைப்பவர்களுக்கும் விசாரிக்கும் இடம் அதுவே. அடுத்து, வீட்டுக்குப் பக்கத்திலோ தேவாலயக் கொயரிலோ நன்றாக வாசிக்கும் ஒருவரைத் தேடி, உங்கள் வாசிப்பைக் கேட்பதற்காகவே மாதம் ஒரு மணி நேரம் காசு கொடுத்து வாங்குங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் நன்றாக வரும் பாட்டை விட்டுவிடுங்கள். வராத எஃப் கார்டை முதலில் வாசித்துக் காட்டுங்கள்.