ஹம்முக்குக் கெப்பாசிட்டர்தான் மருந்தா?

வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயரை வீட்டிலேயே கட்டிப் பார்க்கும் ஆசை வந்தவர்களில் பலர் ஃபெண்டர் சேம்ப் 5எஃப்1 சுற்றில்தான் முதலில் கைவைக்கிறார்கள். 1950களின் பிற்பகுதியைச் சேர்ந்த வடிவமைப்பு. 12ஏஎக்ஸ்7, 6வி6, 5ஒய்3 என மூன்றே வால்வுகள். ஸ்விட்சைப் போட்டதும் ஸ்பீக்கரில் ஹம் கிளம்பும். உடனே ஒரு யோசனை வந்துவிடும்: ஃபில்டர் கெப்பாசிட்டரைப் பெரிதாக்கு.

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மூலச் சுற்றின் முதல் கெப்பாசிட்டர் 16 மைக்ரோஃபாரட் மட்டுமே. 50 மில்லியாம்பியர் இழுத்தால் அதில் ஏறக்குறைய 20 வோல்ட் அலைவு நிற்கும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு வரைந்த சுற்றை நம் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் அலைவு இன்னும் கூடும். புஷ்-புல் ஆம்ப்ளிஃபயரில் இந்த அலைவு இரு பக்கமும் சமமாக வந்து டிரான்ஸ்ஃபார்மரிலேயே அடிபட்டுப்போகும். ஒற்றை 6வி6-க்கு அந்த வசதி கிடையாது. ஆக, சேம்ப் பிறவியிலேயே சற்று முனகும்.

ஆனால் பாட்டை அமுக்கும் அளவுக்கு ஹம் வந்தால் நான் கெப்பாசிட்டரைக் கடைசியாகத்தான் சந்தேகிப்பேன். கிட்டாரைக் கழற்றி, வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து கேளுங்கள். ஹம் அடங்கினால் கோளாறு முதல் கட்டத்தில். அடங்காவிட்டால், ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஆறிய பிறகு 12ஏஎக்ஸ்7-ஐ உருவிவிட்டு, அது இல்லாமலே ஸ்விட்சை மறுபடி போடுங்கள். இப்போது சத்தம் போய்விட்டதென்றால், 6வி6-க்கு ஊட்டும் முதல் கெப்பாசிட்டரைக் குறைசொல்ல இடமில்லை.

பெரும்பாலும் குற்றவாளி எர்த் இணைப்புதான். முதல் கெப்பாசிட்டர் மின்னோட்டத்தைச் சீராக உறிஞ்சுவதில்லை; விநாடிக்கு 100 முறை வெடுக்வெடுக்கென்று இழுக்கிறது. அதன் நெகடிவ் முனையும் பவர் டிரான்ஸ்ஃபார்மரின் சென்டர் டேப்பும் சேஸிஸில் வெவ்வேறு மூலையில் சால்டர் செய்யப்பட்டு, நடுவில் 12ஏஎக்ஸ்7-இன் எர்த் அமைந்துவிட்டால், அந்த இழுப்பெல்லாம் அதன் வழியே போகும். கரகரப்புக் கலந்த 100 ஹெர்ட்ஸ் சத்தம் வரும். இந்த நிலையில் பெரிய கெப்பாசிட்டரை மாட்டினால் இழுப்பின் உச்சம் இன்னும் கூர்மையாகும். 5ஒய்3-யும் கூடுதலாக வதைபடும். மருந்தே நோயை வளர்க்கிறது. அந்த இரண்டு முனைகளையும் நேரே ஒன்றோடொன்று இணைத்து, அங்கிருந்து ஒரே ஒரு கம்பியைச் சேஸிஸுக்குக் கொண்டுபோவதே சரி.

கரகரப்பில்லாத 50 ஹெர்ட்ஸ் முனகல் என்றால் ஹீட்டர் கம்பிகளைப் பாருங்கள். மூலச் சுற்றில் 6.3 வோல்ட் ஹீட்டரின் ஒரு முனை நேரே சேஸிஸில் இருக்கிறது. அதைப் பிரித்து, கம்பிகளை முறுக்கி, இரு முனையிலிருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் வழியே எர்த் செய்தால் போதும். சேம்புக்கு டிசி ஹீட்டர் வீண் செலவு.

என் தீர்ப்பு: எர்த் முதலில், ஹீட்டர் அடுத்து. அதன்பின்னும் முனகினால் இரண்டாம், மூன்றாம் கெப்பாசிட்டர்களை மட்டும் பெரிதாக்குங்கள். உள்ளே கைவைக்குமுன் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கியிருக்கும் கெப்பாசிட்டர்களை ரெசிஸ்டர் வழியே வடித்துவிடுங்கள். பிளக்கின் எர்த் முனையைக் கழற்றி ஹம்மை அடக்கும் குறுக்குவழி மட்டும் வேண்டாம்; அது உயிரைப் பணயம் வைப்பது.