அரபு மண்டபமும் புதிய படிக்கட்டும்

இலண்டன் மாநகரின் கென்சிங்டன் பகுதியில் ஓவியர் பிரெடரிக் லெய்ட்டன் (1830–1896) தமக்கெனக் கட்டிக்கொண்ட இல்லம், பாதுகாக்கப்படும் கட்டடங்களின் பட்டியலில் இடம்பெற்றது. இன்று அருங்காட்சியகமாகத் திகழ்கின்றது. விரிவான சீரமைப்புக்குப் பின் 2022 அக்டோபரில் அது மீண்டும் திறக்கப்பெற்றது. அப்பணியைக் குறித்துக் கட்டடக் கலை அறிந்தோர் நிறையவே எழுதிவிட்டனர். அரபு எழுத்தோடு பழகியவர்கள் சொல்ல வேண்டியதும் ஒன்றுண்டு என நாம் கருதுகிறோம்.

பழைய வீட்டைக் காக்கப் புகுவோர், எந்த நாளின் வீட்டைக் காப்பது என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். லெய்ட்டன் இல்லத்தில் அது எளிதன்று. 1860களில் எழுந்த அவ்வீடு அவர் வாழ்ந்த முப்பதாண்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. 1877 முதல் 1881 வரை அரபு மண்டபம், பின்னர் குளிர்காலப் பணிக்கூடம், 1895இல் பட்டு அறை. இத்தனைக்கும் அவ்வீட்டில் படுக்கையறை ஒன்றே! அவர் மறைவுக்குப் பின் 1920களில் வேறொரு பகுதியும் சேர்ந்தது.

அரபு மண்டபமே ஒரு விரிவாக்கந்தான் என்பதைப் பார்ப்போர் மறந்துவிடுகின்றனர். சிசிலித் தீவின் பலெர்மோ நகரிலுள்ள லா ஸீஸா மாளிகையை முன்மாதிரியாகக் கொண்டு கட்டடக் கலைஞர் ஜார்ஜ் எய்ச்சிசன் அதனை வரைந்தார். அம்மாளிகையின் பெயரிலேயே 'அஸீஸ்' எனும் அரபுச் சொல் ஒலிப்பதை நம் வாசகர் உணர்வர். பொன்வண்ணக் குவிமாடம், நடுவே நீரூற்று, சுவரெங்கும் டமாஸ்கஸிலிருந்து வந்த பீங்கான் ஓடுகள். குறைந்த இடங்களை வில்லியம் டி மார்கன் புதிய ஓடுகளால் நிரப்பினார். அழகில் குறை சொல்ல இயலாது.

ஆயினும், அவ்வோடுகளுட் பல முன்பு வேறு சுவர்களில் பதிந்திருந்தவை. ஒரு வரிசையில் அர்ரஹ்மான் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மனிதனுக்குப் பேச்சைக் கற்பித்தவன் இறைவன் என்று கூறும் அவ்வசனங்கள், ஓதத் தெரிந்தவர் நடமாடிய இடத்திற்குரியவை. இலண்டனில் அவற்றின் கீழே கூடிய விருந்தினருள் பெரும்பாலோர்க்கு அவை பூவேலையின் தொடர்ச்சியாகவே தோன்றியிருக்கும். பேச்சைப் பற்றிய வசனம் அங்கே பேச்சிழந்து நின்றது. மண்டபம் இசைவானதுதான், ஆனால் இசைவு வீட்டோடு மட்டுமே, ஓடுகள் விட்டுவந்த சுவரோடு இல்லை. சிதையும் வீடுகளிலிருந்து அவற்றை மீட்டதே பெரிது என்று வாதிடுவோர் உண்டு. சில ஓடுகளைப் பொறுத்து அது உண்மையாகலாம். அதனால் பிரிவு பிரிவு அன்று என்றாகிவிடாது.

2022இன் பணி வேறு வகையினது. மண்டபத்தை விட்டுவிட்டு, 1920களின் பகுதியில் மாற்றம் செய்தனர். மின்தூக்கியும் வளைந்தேறும் படிக்கட்டும் அமைந்தன. சக்கர நாற்காலியில் வருபவரும் இனி மேல்தளம் காணலாம். குளிர்காலப் பணிக்கூடமும் பழைய தோற்றத்திற்கு மீட்கப்பட்டது. புதியது பழையதைப் போல நடிக்கவில்லை. தன் வயதை மறைக்காமல் நிற்கின்றது. இந்நேர்மையையே நாம் பெரிதும் மதிக்கிறோம்.

படிக்கட்டைச் சூழ்ந்த வளைசுவரில், 11 மீட்டர் உயரத்திற்கு ஈரானிய ஓவியர் ஷஹ்ர்ஸாத் கஃபாரி ஒரு நீலநிறச் சுவரோவியம் தீட்டியுள்ளார். மௌலானா ரூமியின் கவிதையைத் தழுவியது, பெயர் 'ஒருமை'. இங்கே நமக்கொரு தயக்கம். எழுத்தின் வளைவுகள் நீண்டு, பெருகி, தூரிகையின் அசைவாகவே மாறிவிடுகின்றன; கூர்ந்து நோக்கினும் சொல் கைக்கு எட்டாது. மண்டபத்தில் எழுத்து தெளிவு, வாசிப்போர் அரிது. படிக்கட்டிலோ வாசிக்கத் தெரிந்த கையே எழுத்தைக் கரைத்துவிட்டது. நம் எழுத்தணிக் கலையில் பின்னிய எழுத்து புதிதன்று. எனினும் பொறுமையோடு நின்றால் அதனைப் பிரித்து வாசிக்க வழியிருக்கும். அவ்வழியைக் கஃபாரி திறந்துவைத்திருக்கலாம்.

ஆனாலும் ஒரு வேறுபாட்டை மறுக்க முடியாது. மண்டபத்து ஓடுகளைச் சுட்ட கைகளின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. படிக்கட்டு ஓவியத்திற்கோ பெயருண்டு, அழைப்புண்டு; அவர் கலை வேறெவர் சுவரையும் வெறுமையாக்கி வரவில்லை. அடுத்த சீரமைப்பு எப்போது வரினும், செய்வோர்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் சிறிது: அர்ரஹ்மான் வசனங்களை அவற்றின் அருகே நின்று ஒருவர் பிழையின்றி வாசித்துக் காட்டும் ஒலிப்பதிவொன்று மண்டபத்தில் கேட்கட்டும். அதற்குச் சுவரில் ஓர் ஆணியும் அடிக்க வேண்டியதில்லை.