மாட்டுங்காவில் மேடை, மருதனார்மடத்தில் பட்டம்

மும்பைத் தமிழ்ப் பிள்ளை சங்கீதம் கற்கும் வழி ஊரறிந்தது. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ டீச்சர் வீட்டில் சரளி வரிசை, வர்ணம் கைவந்ததும் நவராத்திரிக்குக் கோயிலில் பாட்டு, பிறகு சபாப் போட்டிகள். பிழைப்புக்கு வந்த ஜனங்கள் இதற்காகப் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1952-ல் தொடங்கிய ஷண்முகானந்தா சபா 1963-ல் பெரிய அரங்கம் எழுப்பியது. 1990-ல் தீ அதைத் தின்றது. 1998-ல் மறுபடி திறந்தார்கள். செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி தனக்கென அரங்கமும் வகுப்புகளும் நடத்துகிறது.

இவ்வளவு இருந்தும், அந்தப் பிள்ளை பாடுவதோடு நில்லாமல் இசையை ஆராயவும் ஆசைப்பட்டால் எங்கே போவது?

மும்பையில் இசை ஆய்வுக்குப் பஞ்சமில்லை. மும்பைப் பல்கலைக்கழகத்தின் இசை மையத்துக்கு முதல் இயக்குநராக இருந்து அடித்தளம் போட்டவர் அசோக் ரானடே. எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தின் இசைத்துறைக்குப் பிரபா அத்ரே தலைவராக இருந்திருக்கிறார். ஆனால் இவை இந்துஸ்தானி மரபை மையமாகக் கொண்டு வளர்ந்தவை. கர்நாடக இசையில் ஆய்வு செய்ய நினைக்கும் செம்பூர்ப் பெண்ணின் பார்வை, 1932-லேயே இசைத்துறை கண்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் பக்கம் திரும்பிவிடுகிறது. வேலையை விட்டு, வீட்டை விட்டு யார் போவார்கள்? எம்.ஏ.யோடு நின்றவர்கள்தான் அதிகம் என் கண்ணில் பட்டிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் கதை வேறு. அங்கே கர்நாடக சங்கீதம் பள்ளிப் பாடம். சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பரீட்சை எழுதலாம். வட இலங்கைச் சங்கீத சபையின் தரத் தேர்வுகளில் படிப்படியாக ஏறி ஆசிரியர் தரத்தை முடித்துக் ‘கலாவித்தகர்’ ஆகலாம். அதன்பின் மருதனார்மடம். 1960-ல் சு. நடேசபிள்ளை அங்கே தொடங்கிய இராமநாதன் இசைக்கல்லூரிக்கு மகாராஜபுரம் சந்தானம் அதிபராக இருந்தார். 1975-ல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த அந்தக் கல்லூரி இன்று யாழ். பல்கலைக்கழகத்தின் ஒரு பீடம். நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. இறுதி ஆண்டில் ஆய்வேடு சமர்ப்பித்தாக வேண்டும். மேளக்காரர் தெருக்களுக்குப் பேர்போன இணுவிலும் அளவெட்டியும் பீடத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி உலவிய மண் அது.

பட்டத்துக்கு மேலே முதுமாணி, முதுதத்துவமாணி (எம்.பில்.), கலாநிதி (பி.எச்டி.) என்று படிகள் வைத்திருக்கிறார்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் முதுதத்துவமாணி 11-ஆம் மட்டம், கலாநிதி 12-ஆம் மட்டம். முதுதத்துவமாணிக்குப் பதிந்துகொண்டு, ஆய்வு தேறினால் கலாநிதிக்கு உயர்த்திக்கொள்வது அங்கே பழகிய நடைமுறை. நம் பக்கம் பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் எம்.பில்லை எடுத்தே விட்டது. இப்போது எம்.ஏ. முடித்தவர் நேரே பி.எச்டி.க்குப் போகிறார். 3 முதல் 6 ஆண்டு, நடுவில் பாடநெறி, கடைசியில் வைவா. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உண்டு. பணத்தில் நம் ஏற்பாடு மேல். ஆனால் கைபழகுவதற்கென்று இருந்த சிறு ஆய்வு போனது நஷ்டம் என்றே நினைக்கிறேன். ஒரு ராகத்தைப் பற்றி நூறு பக்கம் எழுதித் திருத்தம் வாங்கியவருக்குத்தான் முந்நூறு பக்கத்தின் பாரம் தெரியும்.

யாழ்ப்பாணத்திலும் குறை உண்டு. மேற்பார்வையாளர்கள் குறைவு. கலாநிதிப் பட்டத்துக்காகச் சென்னைக்கும் சிதம்பரத்துக்கும் தஞ்சைக்கும் கடல் தாண்டி வருகிறார்கள். 1981-ல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் 97,000 நூல்களை எந்த ஆய்வாளரும் திரும்பப் பெறப்போவதில்லை. இருந்தாலும் தங்கள் ஊர்க் கலையை ஆய்வுப் பொருளாக எடுக்க அவர்கள் கூச்சப்படவில்லை. பழந்தமிழிசையை ஆராய்ந்த ‘யாழ் நூல்’ மூலம் விபுலானந்தர் வழி போட்டார். மட்டக்களப்புக் கூத்தை ஆராய்ந்து மௌனகுரு கலாநிதியானார்.

இந்தத் துணிவைத்தான் மும்பையில் தேடுகிறேன். தாராவிக்குத் தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள் மேளத்தையும் ஒப்பாரியையும் அம்மன் பாட்டையும் உடன் கொண்டுவந்தார்கள். அவர்களின் பேரன்கள் இன்று தமிழில் ராப் பாடுகிறார்கள். மாட்டுங்காவில் பஜனை மரபு இருக்கிறது. பாலக்காட்டுக் குடும்பங்கள் கொண்டுவந்த பாட்டுகள் அடங்கிய நோட்டுப்புத்தகங்கள் பரணில் கிடக்கின்றன. ஒரு நகரத்துக்குள் இவ்வளவு நெருக்கத்தில் இத்தனை வகைத் தமிழிசை கிடைப்பது அரிது.

வழியும் இல்லாமல் இல்லை. கலீனாவில் மும்பைப் பல்கலைக்கழகத்தின் லோக் கலா அகாடமி லாவணியையும் போவாடாவையும் பட்டப்படிப்பாக்கி வைத்திருக்கிறது. தாராவி அங்கிருந்து எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. 2022 விதிகளின்படி வேறு நிறுவனத்து அறிஞரை இணை நெறியாளராக வைத்துக்கொள்ளவும் இடமுண்டு. கலீனாவில் ஒருவர், சென்னையில் ஒருவர் என்று அமைத்துக்கொண்டு ஒரு தாராவிப் பெண்ணோ பையனோ பதிவு செய்யலாம். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தால் குடும்பங்கள் எந்தெந்தப் பக்கம் சிதறப் போகின்றனவோ, அதற்கு முன் அங்குள்ள பெரியவர்களின் குரலும் அடியும் பதிவாக வேண்டும். சபாக்கள் ஆண்டுக்கு ஒரு கச்சேரிச் செலவை இதற்கு ஒதுக்கினாலே முதல் மாணவருக்குப் போதும்.