சந்தேகிக்கும் முறை: 'கீனி மீனி' நூலை முன்வைத்துச் சில குறிப்புகள்

எம்மவர் கூடும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் வசனம் ஒன்று உண்டு: 'எல்லாத்துக்கும் பின்னால வெள்ளைக்காரன்தான் நிக்கிறான்.' சொல்பவர் தேநீரை உறிஞ்சுவார், கேட்பவர் தலையாட்டுவார், கதை அத்தோடு முடிந்துவிடும். எவன், எந்த ஆண்டில், யாருடைய பணத்தில், எந்தக் கடிதத்தின்படி என்று எவரும் கேட்பதில்லை. பில் மில்லர் எழுதி 2020இல் லண்டன் புளூட்டோ பதிப்பகம் வெளியிட்ட 'கீனி மீனி' என்ற ஆங்கில நூல் இந்தக் கேள்விகளைத்தான் கேட்கிறது. அதனாலேயே அது எமக்கு முக்கியமானது. அதனாலேயே எமக்குச் சங்கடமானதும்கூட.

கீனி மீனி சேர்விசஸ், சுருக்கமாகக் கே.எம்.எஸ், பிரித்தானிய எஸ்.ஏ.எஸ் படையிலிருந்து வெளியேறிய அதிகாரிகள் 1970களின் நடுப்பகுதியில் லண்டனில் தொடங்கிய தனியார் நிறுவனம். ஓமானில் அதற்கு வேலை இருந்தது. 1980களில் நிக்கராகுவாவின் இடதுசாரி அரசுக்கு எதிரான நாசவேலைகளில் அதன் அதிபர்களுள் ஒருவரான டேவிட் வோக்கரின் பெயர் அடிபட்டது. 1987இல் அமெரிக்கக் காங்கிரசின் ஈரான்-கொன்ரா விசாரணையில் அது பகிரங்கமாகவே பேசப்பட்டது. இதே நிறுவனம்தான் 1984 முதல் இலங்கையின் விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுத்தது. பயிற்றுநர்கள் மட்டுமல்ல, விமானிகளும் வந்தார்கள். அவர்களுள் ஒருவரான ரிம் ஸ்மித் பின்னர் தன் அனுபவங்களை நூலாகவே எழுதினார்.

1987 ஜனவரி இறுதியில் கொக்கட்டிச்சோலைப் பகுதியில், மகிழடித்தீவு இறால் பண்ணையை ஒட்டி, அதிரடிப்படையினர் எண்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றார்கள். அப்போது நான் மட்டக்களப்பில் உயர்தர வகுப்பு மாணவன். படுவான்கரையிலிருந்து தோணியேறி வந்தவர்களின் முகங்கள் இன்னும் நினைவில் உள்ளன. அந்நாட்களில் வாவிக்கு மேலால் ஹெலி போனால் ஓடி ஒளிவோம். ஓட்டுபவன் எந்த நாட்டவன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அரச ஹெலிகளில் சிலவற்றை லண்டனில் ஒப்பந்தம் போட்டு வந்தவர்கள் ஓட்டினார்கள் என்பதை நான் அறிந்தது, அதே லண்டனுக்கு அகதியாக வந்த பிறகுதான்.

நூலின் பலம் அதன் முறை. மில்லர் வதந்தியை எழுதவில்லை. கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும், தகவல் அறியும் சட்டத்தின் வழியாகவும் பிரித்தானிய வெளியுறவு அலுவலகத்தின் கோப்புகளைத் தேடி எடுத்து, அதிகாரிகள் தமக்குள் எழுதிக்கொண்டதைக் கொண்டே பேசுகிறார். அவை காட்டும் உண்மை எளிமையானது: அரசுக்குத் தெரிந்திருந்தது. பாராளுமன்றத்தில் கேட்டபோது, இது ஒரு தனியார் நிறுவனத்துக்கும் கொழும்புக்கும் இடையிலான வணிக விடயம் என்று பதில் சொல்லப்பட்டது. இந்தியாவின் ஆட்சேபத்துக்கும் அதே பதில்தான். அந்தக் காலத்திலேதான், 1985 ஏப்ரலில், மார்கரெட் தட்சர் கொழும்புக்குப் போய், பிரித்தானிய உதவியில் கட்டிய விக்டோரியா அணைத் திறப்பில் கலந்துகொண்டார்.

நிறுவனம் ஒன்றின் ஊடாகச் செய்வதில் அரசுக்கு என்ன இலாபம்? இதை விளங்கிக்கொள்ள எனக்கு அரசறிவியல் தேவைப்படவில்லை. நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பொதியிடும் வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேருக்கு மேல் ஏஜென்சி ஆட்கள். சென்ற வருடம் ஒருவருடைய விரல் மெசினில் நசுங்கியது. தொழிற்சாலை, 'அவர் எங்கள் ஊழியர் அல்ல, ஏஜென்சியைக் கேளுங்கள்' என்றது. ஏஜென்சி, 'மெசின் எங்களுடையது அல்ல, தொழிற்சாலையைக் கேளுங்கள்' என்றது. வேலை நடந்தது, பொருள் லொறியில் ஏறியது, பொறுப்பு மட்டும் இரண்டு கதவுகளுக்கு நடுவே காணாமற்போனது. கே.எம்.எஸ் விற்றதும் இதைத்தான். அதன் உண்மையான சரக்கு துப்பாக்கிப் பயிற்சி அல்ல, 'எமக்குத் தெரியாது' என்று ஓர் அரசு சொல்லக்கூடிய வசதி.

சட்டமும் அந்த வசதியைத் தொடவில்லை. அந்நியப் படைகளில் சேர்வதைத் தடுக்கும் 1870ஆம் ஆண்டுச் சட்டம் பெயரளவிலேயே கிடந்தது. அங்கோலாவில் பிரித்தானியக் கூலிப்படையினர் போரிட்ட விவகாரத்தை அடுத்து, 1976இல் டிப்லொக் குழு அச்சட்டத்தைப் பரிசீலித்தது, புதுச்சட்டம் பிறக்கவில்லை. கூலிப்படைகளுக்கு எதிரான 1989ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் பிரித்தானியா கையெழுத்திடவில்லை. 2002இல் தனியார் இராணுவ நிறுவனங்கள் பற்றி ஓர் ஆலோசனை அறிக்கை வந்தது. கடைசியில் நிறுவனங்கள் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ளட்டும் என்று விடப்பட்டது. 2020இல் லண்டன் பொலிசாரின் போர்க்குற்றப் பிரிவு கே.எம்.எஸ் பற்றி விசாரணை தொடங்கியது வெளிவந்தபோது, கொக்கட்டிச்சோலைக்கு வயது முப்பத்து மூன்று.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் பொதுவாக 1983 ஜூலையிலிருந்து கதையைத் தொடங்குவோம். ஆனால் எம்.ஐ.5 இன் முன்னாள் உயரதிகாரி ஜாக் மோர்ட்டன் இலங்கையின் உளவுத்துறை பற்றி ஆலோசனை சொல்லக் கொழும்பு போனது 1979இல், பயங்கரவாதத் தடைச்சட்டம் வந்த அதே ஆண்டில். 1980இல் எஸ்.ஏ.எஸ் இலங்கை இராணுவத்தின் கொமாண்டோக்களுக்குப் பயிற்சி கொடுத்தது. 1978 முதல் 1980 வரையான இலங்கை பற்றிய 195 கோப்புகளை வெளியுறவு அலுவலகம் அழித்துவிட்டது என்பது 2018இல் தெரியவந்தது. வழமையான நடைமுறை என்பது அவர்களுடைய விளக்கம். நம்புபவர் நம்பலாம்.

இனி என் விமர்சனம். கோப்பை நம்பி எழுதும் நூலுக்கு, கோப்பை எழுதியவனின் கண்தான் கிடைக்கும். இந்நூலின் பிரதான பாத்திரங்கள் மேஜர்களும் தூதுவர்களும் அமைச்சர்களும்தான். எம்மிடையே நடந்தவை அந்தக் கோப்புகளின் ஓரத்தில் மட்டுமே வரும். 1986இல் ரெலோ இயக்கத்து இளைஞர்கள் வீதிகளில் கொல்லப்பட்டது எந்த லண்டன் நிறுவனத்தின் ஒப்பந்தப்படியும் அல்ல. 1983 முதல் எமது இயக்கங்களுக்குப் பயிற்சி கொடுத்த இந்திய உளவுத்துறையும் தன் கணக்குக்காகவே கொடுத்தது. அதை அன்று சந்தேகித்தவர்கள் எம்மில் எத்தனை பேர்? நாம் எதிரியின் அரசைச் சந்தேகித்தோம், உதவும் அரசை நம்பினோம், ஆயுதம் வைத்திருந்த எமது ஆட்களைப் பற்றிக் கேள்வியே கேட்கவில்லை. இது அதிகாரத்தின் மீதான சந்தேகமே அல்ல, வெறும் பக்கச்சார்பு.

அதைவிட மோசமானதும் நடந்தது. அரசுகளை நோக்கிப் போயிருக்க வேண்டிய சந்தேகத்தை நாம் பக்கத்தில் இருந்தவன் மேல் திருப்பினோம். 'றோவின் ஆள்', 'சி.ஐ.ஏ. கைக்கூலி' என்று ஒருவனைச் சொல்ல ஒரு துண்டுக் காகிதமும் தேவைப்படவில்லை. 1989 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் ரஜனி திராணகம கொல்லப்பட்டார். 1994 மே முதலாம் திகதி பாரிசில் சபாலிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒருவர் நடந்ததைப் பதிவு செய்தவர். மற்றவர் பழைய நூல்களை மறுபதிப்புச் செய்தவர். ஆவணத்தைக் கையில் எடுத்தவர்களை நாம் காப்பாற்றவில்லை. பிறகு முப்பது வருடம் கழித்து, எமது வரலாற்றின் ஒரு பகுதியை எழுத ஓர் ஆங்கிலேயப் பத்திரிகையாளன் வர வேண்டியிருந்தது. வெட்கப்பட வேண்டியது அவரல்ல.

இந்நூலைப் படித்து 'நான் அப்பவே சொன்னனான்' என்று மார்தட்டுபவர்கள் அதைப் படிக்கவில்லை என்றே சொல்வேன். அப்போது நாம் சொன்னது ஊகம். ஊகம் சரியாக வந்துவிட்டதால் அது அறிவாகிவிடாது. 1990இல் முன்னாள் மொசாட் ஆள் ஒஸ்ட்ரோவ்ஸ்கி தன் நூலில் எழுதியதை நாம் எத்தனை வருடம் வேதவாக்காகத் திருப்பிச் சொன்னோம். ஒரு தனி மனிதனின் வாக்குமூலத்துக்கு அப்பால் எவர் தேடிப் போனோம்?

கியூ எமது வீடுகளிலிருந்து ஒரு மணித்தியாலப் பயணம்தான். அனுமதி அட்டை இலவசம். உள்ளே பேனை கொண்டுபோக முடியாது, பென்சில் போதும். இருபது வருடம் கடந்த கோப்புகள் ஒவ்வொரு வருடமும் கட்டுக்கட்டாக வெளிவருகின்றன. சிலவற்றில் கறுப்புக் கோடுகள் இருக்கும். அந்தக் கறுப்புக் கோடுகளையும் யாராவது எண்ண வேண்டும். கோவில் திருவிழாவுக்கும் பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கும் நேரம் ஒதுக்கும் நாம் மாதம் ஒருநாள் இதற்கு ஒதுக்கலாம். என் வேலை முறை மாறும் வாரங்களில் வியாழக்கிழமை எனக்கு ஓய்வு. கூட வர விரும்புபவர்கள், இக்கருத்துகளோடு முரண்படுபவர்களும்தான், ஆசிரியர் குழுவுக்கு எழுதுங்கள்.