கலாநிதிப் பட்டமும் கொழுந்துக் கூடையும்

கந்தப்பளையில் லயத்துப் பிள்ளையொன்று உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடற்றொழிலியலில் கலாநிதியாவதற்கு என்ன வேண்டும் என்று அப்பிள்ளை கேட்டால், ஆசிரியர் விதிநூலை எடுத்துப் படித்துக் காட்டலாம். நாமும் அதைப் படித்துப் பார்த்தோம். கதையையும் கவிதையையும் மட்டுமே விமர்சிக்க வேண்டும் என்று எவரும் சட்டம் செய்யவில்லை. விதிநூலும் ஒரு நூலே.

இலங்கையின் தகைமைக் கட்டமைப்பில் படிகள் 12. உச்சிப்படியில் நிற்பது கலாநிதிப் பட்டம். சிறப்பு இளமாணிப் பட்டமோ மருத்துவப் பட்டமோ பெற்ற ஒருவர், மேற்பார்வையாளரைத் தேடிப் பிடித்து, ஆய்வுத் திட்டத்தை ஏற்கச் செய்து, குறைந்தது 3 ஆண்டுகள் முழுநேர ஆய்வு செய்தல் வேண்டும். பலர் முதலில் முதுதத்துவமாணிக்குப் பதிந்து, ஆய்வின் தரம் தெரிந்த பின்னரே மேலே உயர்த்தப்படுவர். மனித உடலை ஆராய்வதாயின் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும், உடலைத் தருபவரின் சம்மதமும் வேண்டும். ஈற்றில் ஆய்வேடும் வாய்மொழிப் பரீட்சையும். முடிவு புதிதாக இருத்தல் வேண்டும் என்பது எல்லாவற்றுக்கும் மேலான நிபந்தனை. இவற்றில் ஒன்றையேனும் தளர்த்துக என்று கேட்பவர் அல்லர் நாம்.

ஆனால் 12ஆம் படியைப் பற்றிப் பேசும் நூல், முதற்படிக்கு வந்து சேர்வதைப் பற்றி வாய் திறப்பதில்லை. தோட்டப் பள்ளிகள் பெரும்பாலும் அரசின் கைக்கு வந்ததே 1970களில்தான். ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் அதற்குப் பின்னரும் எல்லா இடத்துக்கும் வந்துவிடவில்லை. நுவரெலியா பின்தங்கிய மாவட்டம் என்ற சலுகை உண்டு. எனினும் அச்சலுகையின் உள்ளே லயத்துப் பிள்ளையும் நகரத்துப் பிள்ளையும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றனர். தடைகளைத் தாண்டி மருத்துவராகவும் விரிவுரையாளராகவும் ஆனோர் மலையகத்தில் உளர். அவர்களுடைய வெற்றியைக் காட்டி ஏனையோரைக் குறை கூறுவது நியாயமன்று.

மொழியின் தடையோ வேறு வகையானது. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலைமருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அங்காதிபாதம், சுகரணவாதம் என்று பெயர் சூட்டி நூல்களும் செய்தார். சுகரணவாதம் என்பதே இன்றைய உடற்றொழிலியல். தமிழுக்கு இது இயலாது என்போர் அந்நூல்களைப் புரட்டிப் பார்க்கட்டும்.

இனி, நம்மை இதனை எழுதத் தூண்டிய செய்திக்கு வருவோம். 1979இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அமெரிக்க உடற்றொழிலியலாளர் எட்ஜர்ட்டனும், பேராதனையில் மருத்துவப் பேராசிரியராக இருந்த பிரையன் செனவிரத்னவும், பிறரும் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடம் நடத்தியது அது. இரத்தச்சோகை உள்ளவருள் ஒரு சாராருக்கு இரும்புச் சத்து கொடுக்கப்பட்டது. மறுசாராருக்கு வெறும் மாத்திரை. ஒரு மாதத்தில், ஈமோகுளோபின் ஏறியவர்கள் பறித்த கொழுந்தின் அளவும் ஏறியது. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 6 முதல் 9 கிராம் வரையே உடையோரிடம் முன்னேற்றம் அதிகமாக இருந்தது. வேலைக்கு வெளியேயும் அவர்களுடைய நடமாட்டம் கூடியது.

இதன் பொருளைத் தோட்டத்தில் வாழ்வோர் நன்கு அறிவர். குறித்த நிறை சேராவிட்டால் அரைப்பேர். அதன்மேல் சோம்பேறி என்ற வசை. சோம்பேறித்தனம் என்று கங்காணி கண்டது இரத்தத்தில் இரும்பு இல்லாமை என்று விஞ்ஞானம் சாட்சி சொன்னது. கோதுமை ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியுமாக உண்ணும் உடலுக்கு இரும்பு எங்கிருந்து வரும்? உணவோடு குடிக்கும் தேநீரே அச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கிறது.

இச்சிறந்த ஆய்வின் மீதும் நமக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மனிதரின் உடல்நலம் கூடை நிறையால் அளக்கப்பட்டது. கூடிய கொழுந்தின் பயன் பறித்தவளுக்கு எவ்வளவு, கம்பனிக்கு எவ்வளவு என்பது உடற்றொழிலியலின் வினா அன்று என்பார்கள். ஆகட்டும். அந்த முடிவை அவளுக்குத் தமிழில் எடுத்துச் சொல்வதும் அத்துறையின் கடமை அன்றோ?

கந்தப்பளை ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. காற்றில் ஒட்சிசன் குறையக் குறைய, உடல் ஈமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும். கருவுறாத பெண்ணுக்கு 12 கிராம் என்பது கடல்மட்டத்து எல்லை. இவ்வுயரத்தில் அரைக் கிராமுக்கு மேல் திருத்திப் பார்க்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. திருத்தாமல் பார்த்தால், சோகையுள்ள பெண்ணைச் சுகதேகி என்று எழுதி மலையேற்றி அனுப்பிவிடுவோம். கலாநிதிப் பட்டத்துக்குப் பொருள் தேடி அலைவோருக்கு இம்மலையிலேயே கேள்விகள் கிடக்கின்றன. குளிரில் நனைந்து நிற்கும் உடல் எவ்வளவு சக்தியைச் செலவிடுகிறது? கூடையின் கயிறு நெற்றியில் இழுக்கும்போது கழுத்தும் முதுகும் படுவது என்ன? இத்தகைய கேள்விகள் லயத்தில் பிறந்தவருக்கு முதலில் தோன்றும். அவரைப் பல்கலைக்கழகத்துக்குள் விடாத நாடு இழப்பது ஒரு பட்டதாரியை மட்டுமன்று, கேள்வியையும் இழக்கிறது.

விதிநூலில் ஒரு விதியைச் சேர்க்க வேண்டுகிறோம். தொழிலாளரின் இரத்தத்தையும் மூச்சையும் அளந்து எழுதப்படும் எந்த ஆய்வேடும், அவர்கள் பேசும் மொழியில் இரண்டு பக்கச் சுருக்கம் இன்றி ஏற்கப்படலாகாது. அதனை ஆய்வாளரே பிரட்டுக்களத்தில் நின்று வாசித்து, கேட்போர் கேட்கும் வினாவுக்கு விடை கூறட்டும். வாய்மொழிப் பரீட்சையின் ஒரு பகுதியாக அதனையும் வைத்துக்கொள்ளலாம். அங்கிருக்கும் பரீட்சகர்கள் எளிதில் விடமாட்டார்கள்.